குரங்கிடம் என்ன கேட்டோம்?



விலங்குகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியால் மனிதனுக்குப் பயன் உண்டா, இல்லையா? பட்டிமன்றமாக இருந்தால் இரண்டு அணி பிரிந்து இரவு பத்து மணி வரை பேசலாம். நான் ஒரே ஒரு நோயைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இளம்பிள்ளை வாதம். போலியோ.

1908. வியன்னா நகரம். போலியோவில் இறந்துபோன ஒரு சிறுவனின் தண்டுவடத்திலிருந்து எடுத்த திசுவை மருத்துவ ஆராய்ச்சியாளர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குரங்குக்குச் செலுத்தினார். குரங்குக்கும் அதே வாதம்! இது பாக்டீரியாவின் வேலை இல்லை, வைரஸின் வேலை என்பது அடுத்த ஆண்டே உறுதியானது. அபாரமான கண்டுபிடிப்பு.

சறுக்கல் அதற்குப் பிறகு வந்தது. நியூயார்க்கில் ஆராய்ச்சியாளர் சைமன் ஃப்ளெக்ஸ்னர் ரீசஸ் குரங்கின் மூக்கில் வைரஸை விட்டுப் பார்த்தார், நோய் வந்தது. ரீசஸுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் நோய் தொற்றுவதில்லை. ஆகவே மனிதனுக்கும் மூக்குதான் வாசல் என்று முடிவு கட்டினார்கள். சொன்னவர் பெரிய மனிதர். எதிர்த்துப் பேச ஆள் குறைவு. (இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்!)

முடிவு என்ன? 1937-இல் கனடாவின் டொரொண்டோவில் போலியோ பரவியபோது, சுமார் ஐயாயிரம் குழந்தைகளின் மூக்குக்குள் துத்தநாக சல்ஃபேட் கரைசலைப் பீய்ச்சினார்கள். வாசலை அடைத்துவிட்டால் வைரஸ் நுழையாதாம். நோய் தடுக்கப்படவில்லை. சில பிள்ளைகளுக்கு மோப்ப சக்திதான் போயிற்று.

1941-இல் ஆல்பர்ட் சேபினும் ராபர்ட் வார்டும், போலியோவில் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தார்கள். வைரஸ் குடலில் இருந்தது, மூக்கில் இல்லை. குரங்கு தவறாகக் காட்டிய வழியை மனித உடல் திருத்தியது என்று கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த உடல்களின் திசுவில் வைரஸ் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? குரங்குக்குச் செலுத்தித்தான்! அன்றைக்கு வேறு வழியில்லை. 1955-இல் வந்த சால்க் தடுப்பூசிக்கான வைரஸும் குரங்கின் சிறுநீரகச் செல்களில்தான் வளர்ந்தது. அதற்காக நம் நாட்டில் பிடிபட்டு விமானம் ஏறிய ரீசஸ் குரங்குகள் ஏராளம். 1978-இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது.

அதே குரங்குதான். 'வைரஸ் இருக்கிறதா?' என்று கேட்டால் சரியாகச் சொன்னது. 'மனிதனுக்குள் எப்படி நுழைகிறது?' என்று கேட்டபோது தன் கதையைச் சொன்னது. அதை நம் கதையாக எடுத்துக்கொண்டது ஆராய்ச்சியாளரின் பிழை.

பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற சோதனை மருந்தை ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தது பெரிய காரியம்.

ஆகவே 'விலங்கு ஆராய்ச்சி வேண்டுமா, வேண்டாமா' என்று மொத்தமாகக் கேட்பதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேட்க வேண்டும். நம் நாட்டில் விலங்குச் சோதனை நடத்தும் நிறுவனங்களில் ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அறிவியலாளர் அல்லாத, சமூக அக்கறை கொண்ட ஒருவருக்கும் அதில் இடம் உண்டு. உங்களில் யாருக்காவது அந்த அழைப்பு வந்தால் தட்டாமல் போங்கள். 'இந்தக் கேள்விக்கு இந்த விலங்கு எப்படிப் பதில் சொல்லும்? பலன் இல்லை என்று முடிந்தால் அதையும் வெளியிடுவீர்களா?' இரண்டையும் கேளுங்கள். பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.