எண்ணப்படாத விமர்சனம்

 

மேற்குலகின் தலையீட்டை எதிர்க்கும் ஒரு அரசு தன் சொந்த மக்களுக்குக் கொடுமை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவர்கள் அந்த அரசை ‘விமர்சனத்தோடு ஆதரிக்க’ வேண்டுமா? ஈழத்தமிழர்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு ஒரு திகதியும் இடமும் உண்டு: 2009 மே 27, ஜெனீவா.

போர் முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஐநா மனித உரிமைகள் பேரவையின் விசேட அமர்வைக் கூட்டுவதற்கு முன்னின்றது ஜேர்மனி. ஆனால் நிறைவேறியது இலங்கை முன்வைத்த தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, வாக்களிக்காதவை 6. கியூபா, பொலிவியா, நிக்கராகுவா, தென்னாபிரிக்கா, இந்தியா, சீனா எல்லாம் ஆதரவுப் பக்கம். உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக்கூடாது என்ற கொள்கையை அந்தத் தீர்மானம் உறுதிப்படுத்தியது, அரசின் நிவாரணப் பணியைப் பாராட்டியது. சர்வதேச விசாரணை வேண்டும் என்று அது கேட்கவில்லை. இலங்கைக்காக வாதாடிய தூதர் தயான் ஜயதிலக, ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசியல் அறத்தைப் பற்றி நூல் எழுதிய இடதுசாரி. அந்த நேரத்தில் ஏறத்தாழ 3 லட்சம் தமிழர்கள் முள்வேலி முகாம்களுக்குள் இருந்தார்கள்.

வாக்களித்த நாடுகளில் சிலவற்றுக்கு உள்ளூர விமர்சனம் இருந்திருக்கலாம். ஆனால் வாக்குப் பட்டியலில் விமர்சனத்துக்கு இடம் கிடையாது. ஆதரவு மட்டும்தான் எண்ணப்படும்.

அப்படியானால் மேற்குலகை நம்பச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. ஜெனீவாவில் அமர்வைக் கூட்டிய அதே ஜேர்மனி, 2024இல் சர்வதேச நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்துக் காஸாவில் இனப்படுகொலைக்குத் துணைபோகிறது என்பது குற்றச்சாட்டு. வழக்குப் போட்டது நிக்கராகுவா. நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுக்க மறுத்தது, வழக்கைத் தள்ளுபடி செய்யவும் மறுத்தது.

2009இல் எங்களுக்கு எதிராக வாக்களித்த நாடு போட்ட வழக்கை நாங்கள் ஆதரிக்கலாமா? தாராளமாக ஆதரிக்கலாம். ஆனால் வழக்கை ஆதரிப்பது வேறு, டானியல் ஒர்த்தேகாவின் அரசை ஆதரிப்பது வேறு. 2018 போராட்டங்கள் ஒடுக்கப்பட்டபோது அங்கே 300க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2022இல் அன்னை தெரேசா சபைச் சகோதரிகளையும் அந்த அரசு நாட்டைவிட்டு வெளியேற்றியது.

இந்த வேறுபாட்டை வாழ்ந்து காட்டியவர் நிக்கராகுவாக் கவிஞரும் கத்தோலிக்கக் குருவுமான எர்னஸ்டோ கார்டெனல். 1980இல் ஜேர்மன் புத்தக வணிகர்களின் சமாதானப் பரிசு பெற்றவர். சன்டினிஸ்டா அரசில் கலாசார அமைச்சராக இருந்து, அமெரிக்கா பணம் கொடுத்து நடத்திய கொன்ட்ரா போரை எதிர்த்தார். பின்பு 1994இல் கட்சியை விட்டு விலகினார், ஒர்த்தேகாவின் ஆட்சியையும் எதிர்த்தார்.

ஈராக்கில் ஐநாவின் மனிதாபிமானப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜேர்மனியர் ஹான்ஸ் ஃபொன் ஸ்பொனெக், பொருளாதாரத் தடை சாதாரண மக்களை வதைக்கிறது என்று சொல்லி 2000இல் பதவி விலகினார். அதற்கு அவர் சதாம் உசேனைப் பாராட்ட வேண்டியிருக்கவில்லை. தாதியான எனக்கு அவர் சொன்னது நன்றாக விளங்குகிறது. மருந்து வராவிட்டால் முதலில் சாவது வார்டில் கிடக்கும் நோயாளி. ஜனாதிபதிக்கு எப்படியும் மருந்து கிடைத்துவிடும்.

இதே அளவுகோல் எங்கள் பக்கத்துக்கும் வேண்டும். ஐநா நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, வைத்தியசாலைகள்மேல் அரச படை ஷெல் அடித்ததை நம்பத்தக்க குற்றச்சாட்டாகச் சொன்னது. தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதையும் அப்படியே சொன்னது. முதலாவதை மட்டும் மேடையில் வாசித்து மற்றதை விட்டுவிடுகிறோம். ஜெனீவாவில் அந்த 29 நாடுகளும் ஒரு பக்கத்தைத்தான் பார்த்தன என்று குறை சொல்ல எங்களுக்கு வாய் வேண்டுமென்றால், இரண்டையும் வாசிக்க வேண்டும்.

ஆகவே குண்டுவீச்சை எதிர்ப்போம், பட்டினி போடும் தடைகளை எதிர்ப்போம், நியாயமான வழக்கை யார் போட்டாலும் ஆதரிப்போம். எந்த அரசுக்கும் நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஈரானைப் பற்றியோ வெனிசுவேலாவைப் பற்றியோ பேசும்முன், அந்த நாட்டுச் சிறைகளில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம். 2009இல் முள்வேலிக்குள் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.