யாரைப் பழிவாங்கினார்?

சட்டத்தைத் தன் கையில் எடுக்கும் நாயகர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரையன் கார்ஃபீல்ட் 1972-இல் எழுதிய ‘டெத் விஷ்’ நாவல்.

நியூயார்க்கில் ஓர் அக்கவுண்டன்ட். வீடு புகுந்தவர்கள் தாக்கியதில் மனைவி இறக்கிறாள், மகள் மனம் சிதைந்துபோகிறாள். அவர் துப்பாக்கியோடு இரவுகளில் தெருவில் இறங்குகிறார். 1974-இல் மைக்கேல் வின்னர் இதைப் படமாக்கினார், சார்லஸ் பிரான்சன் நடித்தார்.

முதல்முறை படம் பார்த்தபோது நானும் கைதட்டியவன்தான். இரண்டாம் முறைதான் உறைத்தது. மனைவியைக் கொன்றவர்களை அவர் கடைசிவரை கண்டுபிடிப்பதே இல்லை. சுடுவதெல்லாம் வேறு ஆட்களை. (நம் படமென்றால் கிளைமாக்ஸில் வில்லன் எப்படியும் மாட்டியிருப்பான்.) சுடப்படுகிறவர்களும் வழிப்பறிக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் இடத்தில் பணக்கட்டை எடுத்துக் காட்டி, அவர்களைத் தன் பின்னால் வரவைக்கிறார். அப்போது அது பழியா, வேட்டையா? நான் கைதட்டியது எதற்கு?

கார்ஃபீல்டுக்கே படம் பிடிக்கவில்லை. 1975-இல் ‘டெத் சென்டன்ஸ்’ எழுதினார். அதில் சிகாகோவில், இவரைப் பார்த்து இன்னொருவன் துப்பாக்கியோடு கிளம்பிவிடுகிறான்.