அம்மாயியின் ஞாபகமும் கையிலிருக்கும் போனும்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அலுப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேச மாட்டோம். ஒரே ஒரு கேள்வி. உங்கள் அப்பாவுடைய தாத்தாவின் பெயர் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம். சில பேர்தான். வெட்கப்பட வேண்டியதில்லை, எங்களிலும் பலருக்குத் தெரியாது.

"பின்னேரமானா பிள்ளைக போனையே நோண்டிக்கிட்டு கெடக்குதுக" என்று தாய்மார் எங்களிடம் குறைப்படாத நாளில்லை. போனைப் பிடுங்கி வைப்பது ஒரு வழி. அதே போனைக் கொண்டு நம் குடும்பக் கதையைத் தேட வைப்பது இன்னொரு வழி. இன்று அந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் பேசுகிறோம்.

குடும்ப வரலாறு சிலருக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். நமக்கு அப்படியில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரிடம் கேட்டது என்ன? உன் அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், அதற்குக் கடுதாசி எங்கே என்றுதான் கேட்டது. பெரும்பாலானோரிடம் அந்தக் கடுதாசி இருக்கவில்லை. நாடற்றவர்களானோம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேரின் கதியை இரண்டு அரசாங்கங்கள் பேசித் தீர்த்தன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று முடிவானது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று எத்தனை குடும்பங்கள்! 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கும் வழி பிறந்தது. இதையெல்லாம் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படித்தால் போதாது. தன் வீட்டுக் கதையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? போனிலிருந்து அல்ல. வீட்டிலிருக்கும் வயதானவரிடமிருந்து.

எங்கள் மாணவர் குழுவில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் தோட்டத்தின் பெயரை இணையத்தில் தேடியது. பழைய பெர்குசன் டிரெக்டரி ஒன்றின் பக்கம் கிடைத்தது. தோட்டம் எத்தனை ஏக்கர், யார் சொந்தக்காரர், யார் துரை, எல்லாம் அதில் இருந்தது. பிள்ளை திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டது: "தொர பேரு இருக்கு. எங்க ஆளுங்க பேரு ஒன்னையும் காணோமே?"

எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. காடு வெட்டி, கோப்பி நட்டு, 1869இல் கோப்பியில் நோய் வந்து அது அழிந்தபின் தேயிலை நட்டவர்களின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. அது அம்மாயியின் ஞாபகத்தில் மட்டுந்தான் இருக்கிறது. அம்மாயி போனால் அதுவும் போய்விடும்.

அன்று பின்னேரமே அந்தப் பிள்ளை அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து, போனில் குரலைப் பதிவு செய்தது. நீங்களும் செய்யலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். கால் மணித்தியாலம் போதும். எந்தத் தோட்டத்தில் பிறந்தீங்க? அம்மா அப்பா பேர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்ததாகச் சொன்னாங்க? நடந்து வந்தாங்களா, ரயிலில் வந்தாங்களா? யார் யார் இந்தியா போனாங்க? இந்த ஐந்து கேள்விகளே நிறையப் பேச வைக்கும். 1977, 1983 கலவரங்களைப் பற்றிப் பேசும்போது அழுதால் நிறுத்திவிடுங்கள். சொல்ல விரும்பாததைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது.

பிறகு இணையத்துக்குப் போகலாம்.

முதலில் வரைபடம். கூகுள் வரைபடத்தில் தலைமன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று பிள்ளையை விரலால் நடக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 150 மைல். அந்தக் காட்டு வழியில் பசியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்கள் ஏராளம். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. ஆகவே "ரயில்ல வந்து கப்பல் ஏறி, தலைமன்னார்ல எறங்கினோம்" என்று பாட்டி சொன்னால், அது பெரும்பாலும் 1914க்குப் பிந்திய கதை என்று பிள்ளையே கணக்குப் போட்டுவிடும்.

இரண்டாவது, ஊர்ப் பெயர். "திருச்சி ஜில்லா" என்று பெரியவர்கள் சொன்ன ஊர் இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருக்கலாம். பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும் தர்மபுரி, நாமக்கல் பிரிந்துவிட்டன. திருச்சியில் தேடிக் கிடைக்கவில்லையே என்று விட்டுவிடாமல் பக்கத்து மாவட்டங்களிலும் தேடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நூலகம் என்ற இணையத்தளம். 2005இல் தொடங்கிய இந்தத் தளத்தில் மலையகப் புத்தகங்களும் பத்திரிகைகளும் தமிழிலேயே இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து நம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோரைப் பற்றிப் பிள்ளைகள் அங்கே அறிந்துகொள்ளலாம். முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் கம்பளைக்கு அப்பால் பழைய பீக்கொக் தோட்டத்திலுள்ள தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போங்கள். அது ஒரு பழைய லயத்திலேயே இருக்கிறது.

நான்காவது, பெயர். வெளிநாட்டுக் குடும்ப மரத் தளங்களில் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கு அப்படி ஒன்றில்லை, அப்பா பெயர்தான் முன்னெழுத்து. அதனால் குழம்ப வேண்டாம், ஒரு பழைய கொப்பியிலேயே மரத்தைக் கீறலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்றோலில் இன்னொரு பெயர் என்று நம்மில் எத்தனை பேர்! ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் இடி விழும். பிள்ளைகள் கடுதாசிகளைப் படம் பிடித்து ஒப்பிடும்போதே அந்தப் பிழையைக் கண்டுபிடித்தால், காலத்தோடு திருத்திக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடையாள அட்டை, சான்றிதழ், வங்கிப் புத்தகம் இவற்றின் படங்களைப் பேஸ்புக்கில் போட விடாதீர்கள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ பிரிந்துபோன சொந்தத்தைத் தேடுகிறவர்கள் பழைய குடும்பப் படத்தையும் தோட்டத்துப் பெயரையும் மட்டும் போட்டால் போதும். சொந்தம் என்று யாராவது பேசினால், பெரியவர்களை வைத்து விசாரித்த பிறகே நம்புங்கள். அவர்கள் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெற்றோரே, உங்களுக்கு இணையம் தெரியாது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தேடத் தெரிந்தது பிள்ளைக்கு, எதைத் தேடுவது என்று தெரிந்தது உங்களுக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டுக்கு ஒரு தாள் கொண்டு வாருங்கள். அதில் மூன்று தலைமுறையின் பெயர்கள் இருக்கட்டும். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், பரவாயில்லை. அந்தத் தாள்களை ஒன்றாகக் கட்டி இந்தத் தோட்டத்துக்கு ஒரு பெயர்ப் புத்தகம் செய்வோம். நாளைக்கு ஒரு பிள்ளை "எங்க ஆளுங்க பேரு எங்க?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட நம் கையில் ஒன்று இருக்க வேண்டும்.