மூளைச் சிகிச்சைக்குப் பின் மூச்சைக் காத்தல்

மாத்தளை மாவட்டத்தில் மிளகு பறிக்க ஏணியேறியவர் தவறி விழுவதும், ஏ-9 வீதியில் மோட்டார்ச் சைக்கிள் சறுக்கித் தலையில் அடிபடுவதும் புதுமையல்ல. மூளையில் இரத்தம் கட்டினால் கண்டித் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வர். சத்திரசிகிச்சை நன்கு முடிந்ததென உற்றார் ஆறுதல் கொள்ளும் வேளையில், மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் காண்கிறது. தலையில் அடிபட்டவருக்கு நுரையீரலில் நோய் எங்ஙனம் வந்தது என்று அவர்கள் திகைக்கின்றனர். அத்திகைப்பு நியாயமானதே.

விழிப்புள்ளவருக்கு ஒரு சோற்றுப் பருக்கை வழிதவறினாலும் புரையேறும். இருமல் அதனை வெளியே தள்ளிவிடும். நினைவிழந்தவரிடத்து அந்தக் காவல் உறங்கிவிடுகிறது. மூச்சுக் குழலினுள் செலுத்திய குழாயைச் சுற்றிச் சிறு காற்றுப்பை ஒன்று உண்டு. ஆயினும் அதன் மேலே தேங்கும் எச்சில், கிருமிகளோடு துளித்துளியாய்க் கீழே கசிகிறது.

1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்னும் வைத்தியரின் யோசனைப்படி மருத்துவ மாணவர் இரவு பகலாய் முறைவைத்துக் கையாலேயே காற்றுப்பையை அழுத்தி உயிர் காத்தனர். பிற்காலத்தில் அவ்வேலையைப் பொறி ஏற்றது. மூச்சைத் தந்த குழாயே கிருமிக்கும் வழியாயிற்று.

தடுக்கும் முறைகளோ வியப்பூட்டுமளவு எளியவை. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்குக் குறையாமல் உயர்த்துதல் அவற்றுள் ஒன்று. 1999இல் வெளிவந்த பார்சலோனா ஆய்வில், மல்லாந்து படுத்தவருள் நூற்றுக்கு 34 பேருக்கு நியூமோனியா ஐயுறப்பட்டது. சாய்ந்திருந்தவருள் 8 பேருக்கே. மூளையின் அழுத்தத்தைத் தணிக்கவும் இச்சாய்வு உதவுகிறது. முதுகெலும்பு முறிந்தவருக்கு மட்டும் வைத்தியரின் கட்டளை வேறாயிருக்கலாம். பல் துலக்குதல், கைகழுவுதல், குழாயை இயன்றளவு விரைவில் அகற்றுதல் என்பனவும் தாதியர் நாள்தோறும் கருத்தூன்றுபவை.

2024இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று மூளைக் காயமுற்று நினைவிழந்தோரைப் பற்றியது. குழாய் செலுத்திய 12 மணி நேரத்துள் செஃப்ட்ரியாக்சோன் மருந்தை ஒருமுறை ஏற்றியதால், தொடக்க நாட்களில் வரும் நியூமோனியா நூற்றுக்கு 32இலிருந்து 14ஆகக் குறைந்தது. ஒரேமுறை என்பதே இங்கு முக்கியம். நாட்கணக்கில் ஏற்றினால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்.

உறவினர் கட்டிலைத் தாழ்த்துவதும், நா வறண்டிருக்குமென இரங்கி இளநீர் புகட்டுவதும் அன்பினாற் செய்யும் கேடுகள். குழாய் எடுத்த அன்றும், விழுங்கும் ஆற்றல் திரும்பிவிட்டதாவெனச் சோதித்த பின்னரே, வீட்டிலிருந்து வந்த கஞ்சி நோயாளியின் வாய்க்குச் செல்லலாம்.