அக்கி எழுதப் போகுமுன்

பென்னாகரம் பக்கம் ஒரு பெரியவருக்கு விலாவில் ஒரே பக்கமாகக் கொப்புளம் வரிசை கட்டினால், "அக்கிதான்" என்று சொல்லிப் பானை வனைபவரிடம் காவி எழுத அழைத்துப் போவார்கள். காவி பூசினால் சற்றுக் குளுகுளுவென்றிருக்கும். உள்ளே இருக்கும் கிருமியை அது தொடாது.

சிறுவயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழும்புவதுதான் அக்கி. கொப்புளம் ஆறிய பிறகும் எரிச்சல் சிலரை மாதக்கணக்கில் விடாது. மேல்துண்டு உரசினாலே துடித்துப்போவார்கள். கொப்புளம் கண்ட 3 நாளுக்குள் டாக்டரிடம் போய் மாத்திரை தொடங்கிவிட வேண்டும்.

வராமல் தடுக்க, 50 வயதைத் தாண்டியவர்களுக்கான ஊசி 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2 முதல் 6 மாத இடைவெளியில் 2 தவணை. விலைதான் அதிகம், ஏழை வீடுகளுக்கு எட்டவில்லையே என்பது என் வருத்தம்.

ஃப்ளூ ஊசி வேறு. அந்தக் கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். நிமோனியாவுக்கும் தனி ஊசி உண்டு. 2021 மார்ச்சில் 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கொரோனா ஊசி தொடங்கியபோது, ஊன்றுகோலோடு வந்து வரிசையில் நின்றவர்கள்தானே நீங்கள்! அடுத்தமுறை தருமபுரி அரசு மருத்துவமனைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, அக்கி, ஃப்ளூ, நிமோனியா ஆகிய மூன்று ஊசியையும் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.