அரைப்பேர் போட்டால் ஆள் அரையாளா?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்குப் "பேர்" என்று சொல்கிறோம். கொழுந்து நிறை குறைந்தால் "அரைப்பேர்". இந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் பேச வந்தோம்.

நாம் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. மழை நாள். மலையில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். பக்கத்து நிரையில் நின்ற அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. அந்தி நிறுவையில் கொழுந்து போதவில்லை. அரைப்பேர்தான் விழுந்தது. நாமும் ஆபீசில் பேசிப் பார்த்தோம், மாறவில்லை. வருத்தத்தோடு அவரிடம் போய்ச் சொன்னோம். "கொழுந்து நாளைக்கும் எடுக்கலாங்க ஐயா. உசுரு போனா எடுக்க முடியுமா?" என்றார்.

அன்றைக்கு அந்த மலையில் பெரிய வேலை செய்தவர் யார்? செக்ரோலைப் பார்த்தால் தெரியாது.

அதற்காகச் சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். அரிசியும் மாவும் பாராட்டுக்குக் கிடைக்காது. 2021 மார்ச்சில் 1000 ரூபாயும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயும் சும்மா வரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தவை. 1984க்கு முன்னே ஒரே வேலைக்குப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். அந்த ஆண்டில்தான் சமமாயிற்று. அப்படியென்றால் அதற்கு முந்தின நாள் வரை நம் தாய்மார் மதிப்புக் குறைந்தவர்களா? இல்லை. மதிப்பு அப்போதும் முழுசாகவே இருந்தது. அளந்த படிதான் பிழை.

இன்னொன்று. கூடுதல் கிலோவுக்குக் காசு என்றால் கை வேகமாக ஓடும், உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் முற்றல் இலையும் கூடைக்குள் போகும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்து எடுப்பது காசு மட்டும் செய்கிற வேலை அல்ல. அது கையின் அக்கறை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் குழி வெட்டப் போகிறவர்களுக்கு யார் பேர் போடுகிறார்கள்? விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு ஓடும் தாய்க்கு எந்தச் செக்ரோலில் பேர் இருக்கிறது? ஆண்பிள்ளைகளே, இதை வீட்டில் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

போன மாதம் ஒரு மாணவி விண்ணப்பப் படிவம் நிரப்ப நம்மிடம் வந்தாள். அம்மாவின் தொழில் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் மகள் என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவுதான் நம்மை இன்று பேச வைத்தது.

பிள்ளைகளே, அந்த இடத்தில் "தேயிலைத் தோட்டத் தொழிலாளி" என்று முழுசாக எழுதுங்கள். தாய்மாரே, சம்பள நாளில் யாரையும் "அரைப்பேர்க்காரி" என்று கூப்பிடாதீர்கள். நியாயமான சம்பளத்தைக் கேட்போம், விடாமல் கேட்போம். ஆனால் தராசில் ஏறுவது கொழுந்து மட்டும்தான். நாம் ஏறுவதில்லை.