தோட்டா ஏன் உள்ளே போகல?

இந்த வாரம் கீரனூர்லேருந்து பேசுறேன். 1948 வரைக்கும் புதுக்கோட்டை சமஸ்தானத்துல இருந்த ஊர். சமஸ்தானம்னாலே பழைய துப்பாக்கிப் பேச்சும் வரும். அதனால இன்னைக்கு மார்ட்டினி-ஹென்றி.

1871-ல பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிள் இது. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. அடியில இருக்கிற லீவரை இறக்கினா உள்ளே பிளாக் தாழும். தோட்டாவைக் கட்டைவிரலால முழுசாத் தள்ளணும். லீவரை ஏத்தினா பிளாக் மூடும். தோட்டாவைத் தள்ளிவிட போல்ட் கிடையாது. அது கொஞ்சம் வெளியே நின்னாலும் பிளாக் மேலே வராது.

ஏன் நிக்கும்? அப்போ தோட்டாக் கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செஞ்சது. லேசா நசுங்கினாலே சேம்பருக்குள்ள போகாது. கருமருந்தோட கரி வேற படியும். தொடர்ந்து சுட்டுச் சூடேறினா கூடு உள்ளேயே ஒட்டிக்கும். லீவரை இழுத்தா அடிப்பகுதி மட்டும் பிஞ்சு வரும். அடுத்த தோட்டாவுக்கு இடமே இருக்காது!

1885 ஜனவரி 17, சூடான்ல அபு கிளியா சண்டை. எதிரி நெருங்கி வந்த நேரத்துல பல சிப்பாய்களோட ரைஃபிள் சிக்கிக்கிச்சு. அந்த நொடியில கையில இருக்கிறது வெறும் இரும்புக் கம்பிதான். அதுக்கப்புறம் கெட்டியான பித்தளைக் கூடு பரவலாச்சு. நாலாவது மாடல்ல, கூட்டைப் பலமா இழுக்க லீவரையும் நீளமாக்கினாங்க.

ஒரு விஷயம். பழைய துப்பாக்கியில தோட்டா போகலைன்னா தட்டி ஏத்தவே கூடாது. உள்ளே பழைய கூடு இருக்கலாம், தோட்டாவே வேற அளவா இருக்கலாம். பரண்ல அப்படி ஒண்ணு கிடைச்சா, கை வைக்காம போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!